உப்பு மாவில் ஒரு மயிலைக் காளை

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். கோடை லீவு விட்டதும் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். உப்பு மாவு பிசைந்து பொம்மை செய்வது பல வருடமாக எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மைதா, தூள் உப்பு, தண்ணீர், இவ்வளவுதான் பொருள். சூளை வேண்டாம், அச்சு வேண்டாம். சுவரில் மாட்டவும் அலமாரியில் வைக்கவும் வருடக்கணக்கில் நிற்கிற உருவங்கள் கிடைக்கும்.

ஆனால் ஒருமுறை செய்து பார்த்த பலர், "விரிசல் விட்டுப் போச்சு", "மழைக்காலம் வந்ததும் பிசுபிசுன்னு ஆயிருச்சு" என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உருவம் பிடிக்கிற கை பழகப் பழக வந்துவிடும். மாவில் இருக்கிற தண்ணீரை எப்படி வெளியேற்றுவது, போன தண்ணீர் மறுபடி உள்ளே வராமல் எப்படித் தடுப்பது, இந்த இரண்டில்தான் பாதிக்கு மேல் வேலை இருக்கிறது. அந்த விஷயத்தில் கொங்குப் பக்கத்து ஆட்கள் கொடுத்து வைத்தவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துக்கொள்கிறது. சென்னையில் வருடத்துக்கு 1400 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது என்றால் கோயம்புத்தூரில் 600, 700 மில்லிமீட்டர்தான். வெள்ளாமைக்கு அது கஷ்டம். மாவு பொம்மை காய அதைவிட நல்ல ஊர் கிடையாது.

அளவு சொல்லிவிடுகிறேன். 2 டம்ளர் மைதாவுக்கு 1 டம்ளர் தூள் உப்பு, முக்கால் டம்ளரிலிருந்து ஒரு டம்ளருக்குள் தண்ணீர். ஒரே டம்ளரில்தான் மூன்றையும் அளக்க வேண்டும். உப்பு கனமான பொருள் என்பதால் எடை போட்டுப் பார்த்தால் மாவும் உப்பும் ஏறக்குறைய சமமாக வரும். 250 கிராம் மைதாவுக்கு 280 கிராம் வரை உப்பு. இவ்வளவு உப்பா என்று பயந்து குறைக்க வேண்டாம். பூஞ்சை பிடிக்காமல், வண்டு வராமல் மாவைக் காப்பதே அதுதான்.

உப்பை மிக்சியில் ஒருமுறை ஓட்டிவிட்டுப் போடுங்கள். காரணம் இருக்கிறது. 100 மில்லி தண்ணீர் சுமார் 36 கிராம் உப்பைத்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. முக்கால் டம்ளர் தண்ணீரில் நாம் போடுகிற உப்பில் கால் பங்குதான் கரையும், மீதி முக்கால் பங்கும் மாவுக்குள் மணலாகவே கிடக்கும். உப்பு பரும்பரும்பாக இருந்தால் பொம்மையின் மேல்தோலும் அப்படியே இருக்கும். கன்றுக்குட்டியின் முகத்தைப் போய்த் தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கக் கூடாது அல்லவா.

கல்லுப்பை அரைத்துப் போடலாமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கல்லுப்பு சமையலுக்கு ருசி, இந்த வேலைக்கு ஆகாது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலுப்பில் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் விடுவது அதனால்தான். சுத்திகரித்த தூள் உப்பில் அது மிகவும் குறைவு. பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் ஆகியும் பொலபொலவென்று இருக்கிற தூள் உப்பு எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவைப் பற்றி என் அம்மாவுக்கு ஒரு வருத்தம் இருந்தது. என் மகள் பிசைந்துகொண்டிருந்தபோது வந்து நின்று, "ஏங்கண்ணு, சோத்துக்கு ஆவற மாவை இப்படிப் பொம்மைக்குப் போடறதா?" என்று கேட்டார். "இது வண்டு விழுந்த மாவுங்க அமுச்சி, சலிச்சு எடுத்தது" என்று மகள் சொன்னதும்தான் முகம் தெளிந்தது. அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அன்றிலிருந்து நாங்கள் தேதி முடிந்த மைதாவையும் வண்டு விழுந்ததையும்தான் சலித்து எடுத்து வைக்கிறோம். பொம்மைக்கு அது தாராளமாகப் போதும். பழைய மாவிலும் பசைத்தன்மை போய்விடாது.

மைதாதான் வேண்டுமா என்றால், கோதுமைக்கு உள்ள அந்தப் பசைத்தன்மை, குளூட்டன் என்பது, அதுதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. அரிசி மாவிலும் ராகி மாவிலும் அது இல்லை. தனியாகப் பிசைந்தால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். செம்மண் நிறம் வேண்டுமென்றால் மைதாவோடு கால் பங்கு வரை ராகி மாவு கலக்கலாம். ஆட்டா கோதுமையும் ஆகும், தவிடு இருப்பதால் தோல் கொஞ்சம் சொரசொரப்பாக வரும். கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கிற வெள்ளை மாவு ஒரு கைப்பிடி சேர்த்தால் வழவழப்பு கூடும், விரிசல் குறையும். சோடா உப்பு, எண்ணெய் இரண்டும் சேர்க்கக் கூடாது. சோடா உப்பு போட்டால் உப்பிவிடும், எண்ணெய் விட்டால் பெயின்ட் ஒட்டாது.

தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக வர வேண்டும். உள்ளங்கையில் ஒட்டவும் கூடாது, உருட்டினால் ஓரம் வெடிக்கவும் கூடாது. பத்து நிமிடம் விடாமல் அமுக்கிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். உப்பு குளூட்டனை இறுக்கிப் பிடிப்பதால் பிசைந்த உடனே மாவு சொன்னபடி கேட்காது, இழுத்த இடத்திலிருந்து திரும்பி ஓடும். அரை மணி நேரம் போனால் அடங்கிவிடும். எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறதோ அவ்வளவும் பின்னால் வெளியே வந்தாக வேண்டும், வரும்போது பொம்மை சுருங்கும், சுருங்கும்போது விரிசல் விடும். பிசையும்போது கையைக் கொஞ்சம் வலிக்க விட்டால் காய வைக்கும்போது நிம்மதி.

சரி, என்ன செய்வது? வீடியோக்களில் எல்லாம் இதயம், நட்சத்திரம், கரடிக்குட்டி. பிள்ளைகளும் முதலில் அதைத்தான் கேட்கும். செய்யட்டும். ஆனால் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், தினம் மேய்கிற மாட்டைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்குக் கரடிக்குட்டியைவிட மாட்டின் உடம்பு நன்றாகத் தெரியும். தெரிந்த உருவத்தைச் செய்யும்போது கை தானாகச் சரிபார்த்துக்கொள்கிறது. எங்கள் திண்ணையில் அதிகம் செய்தது காங்கயம் மாடுதான்.

காளை செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் திமிலை முதுகின் நடுவில் வைத்துவிடுகிறார்கள், ஒட்டகம் போல ஆகிவிடுகிறது. அம்மா ஒரு நாள் என் மகள் கையைப் பிடித்து நகர்த்தினார். "திமிலு நடு முதுகுல வராது சாமி. முன்னங்காலுக்கு நேரா மேல வரோணும். கொம்பு அகலமாப் போயிப் பின்னால வளைஞ்சு, நுனி ரெண்டும் கிட்டக் கிட்ட வரோணும்." அவ்வளவுதான் சொன்னார். திமிலை விரல் அகலம் முன்னால் தள்ளி, கழுத்தைத் தடித்து, தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் தொங்குகிற அலைதாடியை மெல்லிய மடிப்பாக ஒட்டினதும், கொம்பு வைப்பதற்கு முன்பே அது காங்கயம் காளைதான் என்று தெரிந்துவிட்டது. பொம்மை செய்கிறவர்கள் மாட்டுக்காரரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வருவது எந்த வீடியோவையும்விட மேல். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரையொட்டி மாட்டுச் சந்தை கூடும்போது போய், பக்கவாட்டில் நின்று, காலும் திமிலும் எங்கே ஒரே கோட்டில் வருகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கொம்புதான் கஷ்டம். வெறும் மாவில் அவ்வளவு நீளமாக, மெல்லிசாக வளைத்தால் காயும்போது ஒடிந்துவிடும். உள்ளே ஏதாவது நரம்பு வேண்டும். கட்டுக்கம்பி வைக்காதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு துரு ஏறும், வெள்ளை மாவின் மேல் பழுப்புக் கறை கசிந்து வரும். செம்புக் கம்பியும் நாளடைவில் பச்சை பிடிக்கும். தென்னை ஈர்க்குச்சிதான் சரி. தண்ணீரில் ஊறப்போட்டு, வளைத்து, நூலால் கட்டி அதே வளைவில் ஒரு நாள் காயவிட்டால் அப்படியே நிற்கும். அதன்மேல் மாவை மெல்லிசாகச் சுற்றி உருட்டிவிட வேண்டும். ஈர்க்கின் அடிப்பக்கத்தை ஒரு விரற்கடை வெளியே விட்டு, தலைக்குள் செருகினால் கொம்பு அசையாது.

நான்கு காலில் நிற்கிற காளையை முதல் முயற்சியிலேயே செய்ய வேண்டாம். ஈர மாவின் கனத்தைக் கால்கள் தாங்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்துவிடும். முதலில் பலகையின் மேல் பக்கவாட்டில் படிகிற புடைப்பு உருவமாகச் செய்யுங்கள், 6 முதல் 8 மில்லிமீட்டர் கனம் போதும். அடுத்தது நந்தி போல மடக்கிப் படுத்திருக்கிற காளை. அதற்குள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி வைத்து, அதன்மேல் மாவைப் போர்த்தினால் மாவின் கனம் எங்கும் ஒரே அளவாக இருக்கும், சீக்கிரமும் காயும். பழைய நியூஸ் பேப்பரை வைத்தால் அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு நாள்கணக்கில் விடாது. நிற்கிற காளை வேண்டுமென்றால் கால்களை ஈர்க்கு வைத்துத் தனியாகச் செய்து, முழுக்கக் காய்ந்த பிறகு உடம்போடு ஒட்டுங்கள்.

ஈரத்தில் ஒட்டும்போது இரண்டு பக்கமும் முள்ளால் குறுக்கும் நெடுக்கும் கீறி, பிரஷ்ஷில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, அழுத்தி, சேர்ந்த இடத்தை விரலால் தேய்த்துவிட வேண்டும். கீறாமல் ஒட்டினால் காய்ந்ததும் அப்படியே கழன்று வரும். முள் என்றதும் சொல்ல வேண்டும், வெள்வேல முள்ளைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை. நேராக, வெள்ளையாக, கூர்மையாக இருக்கும். மூக்கு ஓட்டை, கண்ணோரம், கழுத்து மடிப்பு எல்லாம் அதில்தான். கழுத்து மணிக்கயிற்றுக்கும் வால் குஞ்சத்துக்கும் தேன்குழல் அச்சில் சின்னக் கண் உள்ள தட்டைப் போட்டு மாவைப் பிழிந்தால் நூல் நூலாக வரும். வேலை முடிந்த கையோடு அச்சைக் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பு பித்தளையையும் அலுமினியத்தையும் அரித்துவிடும்.

காளைக்கு அடுத்து எனக்குப் பிடித்தது காப்புக்கட்டுத் தோரணம். பொங்கலுக்கு முதல் நாள் வீட்டுக் கூரை இறவாணத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டுவோமே, அதையே மாவில் செய்து ஒரு வளையத்தில் அடுக்குவது. ஆவாரம்பூவுக்கு மஞ்சள் தூள் கலந்த மாவு. பூளைக்கு மாவை டீ வடிகட்டியின் பின்பக்கமாக அழுத்தினால் பஞ்சு போலத் திரண்டு வரும், அதை முள்ளால் வழித்துக் குச்சியில் ஒட்ட வேண்டும். வேப்பிலைக்கு ஓரத்தில் சீப்பின் பல்லால் அழுத்தினால் அரம் போன்ற விளிம்பு கிடைக்கும். மஞ்சள் தூளின் நிறம் வெயில் பட்டால் வெளுக்கும். அதனால் அந்தத் தோரணத்தை வாசலில் மாட்டாமல் உள் நடையில் மாட்டுங்கள், இல்லையென்றால் மேலே மஞ்சள் பெயின்ட் கொடுத்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. உப்பு மாவுக் கைவேலை ஜெர்மனி போன்ற குளிர் நாடுகளில் பரவலாக இருக்கிறது, கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கல்கள் செய்வார்கள். அங்கே வெயிலை நம்ப முடியாது, அதனால் குறிப்புகளும் பெரும்பாலும் "ஓவனில் வையுங்கள்" என்றே இருக்கும். நமக்கு மாடியே ஓவன்தான். ஆனால் பிடித்த பொம்மையைக் கொண்டுபோய் நேராகப் பங்குனி வெயிலில் வைத்தால் கெட்டது. மேல்தோல் ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பிறகு உள்பக்கம் சுருங்கும்போது வெளித்தோல் கூடவே வர முடியாமல் வெடிக்கும். காற்றும் அதே வேலையைச் செய்யும். பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடப்பதால் ஆனி, ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. காற்றாலைகளை அங்கே வைத்ததும் அதற்குத்தான். அந்த மாதங்களில் வெயில் மந்தமாக இருந்தாலும் மாடியில் வைத்த பொம்மை வெடிக்கும், புழுதியும் ஒட்டும்.

நாங்கள் செய்கிற முறை இது. முதல் ஒன்றிரண்டு நாள் வீட்டுக்குள் நிழலில், முறத்தின் மேலோ கம்பிச் சல்லடையின் மேலோ வைத்து, மேலே பழைய வேட்டித் துணி போர்த்திவிடுவோம். அடியிலும் காற்றுப் போக வேண்டும், தட்டிலோ டைல்ஸ் தரையிலோ வைத்தால் அடிப்பக்கம் காயவே காயாது. காலை ஒருமுறை மாலை ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். தோல் வெளுத்துக் கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு காலை வெயில், அதன் பிறகு முழு வெயில். பொழுது சாய்வதற்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும், தையில் இரவுப் பனி பகலில் காய்ந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். மாசி பாதியிலிருந்து சித்திரை முடிய இந்த வேலைக்கு நல்ல காலம். தட்டை உருவங்கள் நான்கைந்து நாளில் காயும், உருண்டை உருவங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள்.

ஓவன் இருக்கிறவர்கள், நிழலில் ஒரு நாள் காய்ந்த பொம்மையை 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அப்புறம் 100, 110 டிகிரிக்கு ஏற்றி மூன்று நான்கு மணி நேரம் விடலாம். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி வைத்து லேசாகத் திறந்திருந்தால் ஆவி வெளியேறும். அவசரப்பட்டு 150க்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் பொம்மை உப்பும், நிறமும் ரொட்டி போலச் சிவக்கும். முடிந்ததும் உடனே வெளியே எடுக்காமல் உள்ளேயே ஆறவிட வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கல்லில் தட்டிப் பார்த்து ஓசை வைத்துச் சொல்வார்கள், ஈரம் இருந்தால் மொத்தென்று கேட்கும். அதைவிட நம்பகமானது எடை. சமையலறைத் தராசில் பொம்மை பிடித்தவுடன் ஒருமுறை போட்டு, எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் சொன்ன அளவில் பிசைந்த மாவில் நூற்றுக்கு 25 பங்குக்குப் பக்கத்தில் ஊற்றிய தண்ணீர்தான் இருக்கிறது. அதனால் 100 கிராம் பொம்மை 75 கிராம் பக்கம் இறங்க வேண்டும். இன்றைக்குப் போட்ட எடையும் நாளைக்குப் போடுகிற எடையும் ஒன்றாக இருந்தால் காய்ந்துவிட்டது. 85லேயே நின்றுகொண்டு "காய்ஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று தோன்றினால் தோன்றலை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். பிள்ளைகளுக்கு இந்த எடை பார்க்கிற வேலை ரொம்பப் பிடிக்கும். பொம்மைக்குப் பக்கத்திலேயே தாளை வைத்து ஒவ்வொரு நாளும் எழுதுவார்கள், அவரவர் காளை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

காயும்போது மேலே வெள்ளையாக ஒரு பொடி பூக்கும். தண்ணீர் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து தோலில் விட்டுப் போகிறது. பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிட்டால் போதும், ஈரத்துணியால் துடைக்கக் கூடாது.

பெயின்ட்டுக்கு அக்ரிலிக் வாங்குங்கள். வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் தண்ணீரோடு உள்ளே இறங்கி மேலிருக்கிற உப்பைக் கரைக்கும், விளிம்புகள் மழுங்கும். அக்ரிலிக்கையும் கெட்டியாக எடுத்து, முதல் கோட்டைப் பூசி நன்றாகக் காயவிட்டு அடுத்ததைப் பூச வேண்டும். காளைக்கு நிறம் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. காங்கயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், ஆறு மாதம் போல ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். மயிலைக் காளைக்கு உடம்பெல்லாம் சாம்பல், தலையும் கழுத்தும் திமிலும் நன்றாகக் கறுத்து, வயிற்றுப் பக்கம் போகப் போக வெளுக்கும். பசு அதைவிட வெள்ளை. ஒரே சாம்பலை உடம்பெல்லாம் அடித்தால் காளை உயிரில்லாமல் நிற்கும். திமிலில் கறுப்பைத் தொட்டு, காய்வதற்கு முன் விரலால் கீழே இழுத்துவிட்டால் அந்த மங்கல் தானாக வரும்.

கடைசியில் வார்னிஷ். ஹார்டுவேர் கடையில் நிறமில்லாத மர வார்னிஷ் என்று கேட்டு வாங்கி இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் விட்டுப் பூசுங்கள். முன்பக்கம் பளபளவென்று பூசிவிட்டுப் பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் விட்டுவிடுவது எல்லோரும் செய்கிறது. ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். நூல் கோக்கிற ஓட்டைக்குள்ளும் பிரஷ்ஷை விட வேண்டும். சரியாகக் காயாத பொம்மைக்கு வார்னிஷ் அடித்தால் இன்னும் மோசம். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேற முடியாமல் மாவை இளக்கி, தோல் பட்டை பட்டையாக உரியும். வார்னிஷ் வாசனை தலைவலி தரும், திறந்த வெளியில் பெரியவர்கள்தான் பூச வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாவு நாய்க்கு விஷத்துக்குச் சமம். ஒரு சின்ன உருண்டையிலேயே ஏகப்பட்ட உப்பு இருக்கிறது. தின்றால் வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும், உயிரும் போகலாம். தின்றுவிட்டது தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆடும் மாடும் உப்பு என்றால் நாக்கை நீட்டும், மாடியிலும் திண்ணையிலும் காயவைக்கும்போது அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள். சின்னக் குழந்தைகள் வாயில் வைத்தால் கரிப்பில் துப்பிவிடும்தான், இருந்தாலும் தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் மாவைக் கீழே விடக் கூடாது. கையில் கீறல், வெட்டு இருக்கிற பிள்ளைக்கு அன்று வேறு வேலை கொடுங்கள், எரிச்சல் தாங்காது.

இதை உருவாரத்துக்குப் பதிலாகக் கோயிலுக்குக் கொடுக்கலாமா என்று ஒருமுறை ஒரு அக்கா கேட்டார். மாடு கன்று நன்றாக இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு மண் உருவாரம் வைப்பது நம் பக்கத்துக் கோயில்களில் இன்றும் உண்டு. அங்கே உருவம் வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் நிற்கும். சூளையில் வெந்த மண் தாங்கும். உப்பு மாவு எவ்வளவு வார்னிஷ் அடித்தாலும் ஒரு ஐப்பசி மழைக்கு நிற்காது. அதைவிட முக்கியம், குயவர் கையால் செய்து வாங்கி வைப்பதுதான் அந்த நேர்த்தி. அவர்கள் பிழைப்பும் அதில் இருக்கிறது. நம் பொம்மை வீட்டுச் சுவருக்கும் கொலுப்படிக்கும் பிள்ளைகள் கைப்பழக்கத்துக்கும்.

கொலுவுக்கு வைக்கிறவர்கள் நவராத்திரி முடிந்ததும் உடனே எடுத்துக் கட்டிவிட வேண்டும், அடுத்து வடகிழக்குப் பருவமழை. ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் சுற்றி மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கூட வையுங்கள். பாலித்தீன் பையில் நேராகச் சுற்றினால் வார்னிஷ் ஒட்டிக்கொண்டு வரும். கொம்போ காதோ ஒடிந்தால் ஃபெவிகாலில் ஒட்டி, அதே மாவைக் காயவைத்துப் பொடித்த தூளை ஃபெவிகாலோடு குழைத்து விரிசலில் அடைத்து, காய்ந்த பின் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் ஒட்டு தெரியாது.

ஒட்ட முடியாமல் நொறுங்கியது, பிடித்துப் பாதியில் விட்டது எல்லாம் சேரும். பெயின்ட் படாதவற்றைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுநாள் கூழாகக் கரைந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பூந்தொட்டியிலோ கறிவேப்பிலைச் செடிக்கோ ஊற்றிவிடாதீர்கள், செடி கருகும். தென்னைக்கு உப்பு வைப்பது நம் பக்கம் வழக்கம்தான் என்பதால் நாங்கள் வளர்ந்த தென்னை மரத்தின் பாத்தியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறோம். நாய், ஆடு வந்து நக்காமல் மேலே மண் தள்ளி மூடிவிட வேண்டும். பெயின்ட்டும் வார்னிஷும் பூசினவை குப்பை வண்டிக்குத்தான்.